அம்மாவின் நாயை எங்கே விடுவது?

போன இதழில், வயதானவர்கள் நாய், பூனை வளர்ப்பது நல்லதுதான் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவே இல்லை. கால்நடை அலுவலகத்தில் முப்பது வருஷம் வேலை செய்தவன் என்பதால் வழக்கமாக எனக்கு மாட்டைப் பற்றியும் ஆட்டைப் பற்றியும்தான் கேள்வி வரும். இந்த முறை வந்த கடிதங்களில் பாதி அம்மாவைப் பற்றியும் அப்பாவைப் பற்றியும் இருந்தது. அதனால் இந்த இதழில் முழுக்க அதுதான்.

ஐயா, என் அம்மாவுக்கு 71 வயது. அப்பா இறந்து மூன்று வருஷம். அட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், தனியாக இருக்கிறார். நான் வத்தளையில் கணவர், இரண்டு பிள்ளைகளோடு மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறேன். இங்கே வந்துவிடுங்கள் என்றால் "மணிய விட்டுட்டு வரமாட்டேன்" என்று ஒரே பிடிவாதம். மணி அவர் வளர்க்கிற நாய். எங்கள் வீட்டுக்காரர் நாய் வைக்க விடமாட்டார். பக்கத்துத் தோட்டத்தில் ஒருவர் அதை வாங்கிக்கொள்ளத் தயார். அம்மா கிளினிக் போகிற நாளில் கொடுத்துவிட்டு, ஓடிப்போய்விட்டது என்று சொல்லிவிடலாமா? பாவமாகத்தான் இருக்கிறது, ஆனால் ராத்திரியில் அம்மா விழுந்து கிடந்தால் யார் பார்ப்பது?
– ஒரு மகள், வத்தளை

வேண்டாம் மகள். உங்கள் பயம் நியாயமானது. ஆனால் நீங்கள் சொல்கிற வழியில் நாங்கள் ஒருமுறை போயிருக்கிறோம், அதனால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

எங்கள் அப்பா போன பிறகு அம்மா தலவாக்கலைப் பக்கம் லயத்தில் தனியாக இருந்தார். கறுப்பி என்று ஒரு பெட்டை நாய். ராத்திரி இஸ்தோப்பில், அதாவது முன்திண்ணையில், படங்குச் சாக்கில் படுத்திருக்கும், காலையில் அம்மா வாளியை எடுத்ததும் தண்ணீர்ப் பீலிக்கு முன்னால் ஓடும், அம்மா வருகிறாரா என்று திரும்பித் திரும்பிப் பார்க்கும். எனக்கு அப்போது நுவரெலியாவில் அரசாங்கக் குவார்ட்டர்ஸ். அம்மாவைக் கூட்டி வர வேண்டும், நாய்க்கு இடமில்லை. தம்பி ஒரு மரக்கறி லொறிக்காரரிடம் சொல்லிக் கறுப்பியை ஏற்றி அனுப்பிவிட்டான். ஓடிப்போய்விட்டது என்று அம்மாவிடம் சொன்னோம். நானும் சேர்ந்துதான் சொன்னேன்.

அம்மா ஒன்றும் கேட்கவில்லை. எங்களோடு வந்து இருந்தார். காலையில் ரொட்டி வைத்தால் ஓரத்தைப் பிய்த்துத் தட்டுக்குப் பக்கத்தில் தனியாக வைப்பார், கொஞ்ச நேரம் அதைப் பார்ப்பார், பிறகு எடுத்துச் சேலைத் தலைப்பில் முடிந்துகொள்வார். துணி ஊறப் போடும்போது என் மனைவி அந்த முடிச்சை அவிழ்த்துக் காய்ந்த ரொட்டித் துண்டை எடுப்பாள். லயத்தில் இருந்தவரை நாளைக்கு மூன்று தடவை பீலிக்கும் கொல்லைக்கும் நடந்தவர், எங்கள் வீட்டில் கதிரையை விட்டு எழும்பவில்லை. வெளியே போக அவருக்கு ஒரு வேலையும் இல்லை. ஆறு மாதத்தில் சீனி ஏறியது, கால் வீங்கியது.

நாலு வருஷம் கழித்துத் தம்பி மனசு தாங்காமல் ஒருநாள் உண்மையைச் சொன்னான். அம்மா கோபப்படவில்லை. "எனக்கு அன்னைக்கே தெரியும். ஓடிப்போன நாயி சங்கிலியயும் ஆணியில இருந்து கழட்டிக்கிட்டா போகும்?" என்றார். நாலு வருஷமாக அதை மனசில் வைத்துக்கொண்டு எங்களோடு சாப்பிட்டுத் தூங்கியிருக்கிறார். அதற்குப் பிறகு நாங்கள் என்ன மன்னிப்புக் கேட்டு என்ன.

உங்கள் அம்மாவும் கண்டுபிடித்துவிடுவார். தெரிந்தாலும் உங்களிடம் காட்டிக்கொள்ளமாட்டார்.

நாய் அம்மாவுக்குத் துணையாக இருக்கிறது என்று நாம் நினைக்கிறோம், அது பாதிதான் உண்மை. அம்மாதான் நாய்க்குத் துணை. விடியற்காலை எழும்பி ரொட்டி சுட்டு, கைப்பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு, கூடையை மாட்டிக்கொண்டு மலைக்கு ஓடி, சாயந்தரம் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து மறுபடி அடுப்பு மூட்டிய பெண் அவர். அவரை எதிர்பார்த்து இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்துவிட்டார்கள். வேலை நின்றது, கணவர் போனார், பிள்ளைகள் கொழும்புக்குப் போய்விட்டார்கள். இன்றைக்கு அவர் எழும்பினால்தான் சாப்பாடு என்று மிச்சம் இருப்பது அந்த ஒரு உயிர். அதையும் எடுத்துவிட்டு, "இங்கே வந்து சும்மா இருங்கள் அம்மா" என்று நாம் அன்பாகத்தான் சொல்கிறோம். அந்த "சும்மா இருங்கள்" என்ற வார்த்தைதான் அவர்களை ஆளையே சாய்க்கிறது.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். மணியை விட்டு வரமாட்டேன் என்பதில் மணி மட்டும்தான் இருக்கிறதா? அந்த லயத்தை விட்டு, பக்கத்து வீட்டு ஆட்களை விட்டு, அப்பாவைப் புதைத்த இடத்தை விட்டு வர முடியாது என்று சொல்ல அவருக்கு வாய் வராமல் இருக்கலாம். நாயின் பேரைச் சொல்வது சுலபம். ஒருநாள் நேரில் போய், நாயைப் பற்றியே பேசாமல், "உங்களுக்கு எங்க இருக்க விருப்பம்?" என்று மட்டும் கேளுங்கள், கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை பேசாமல் இருங்கள்.

அவர் அங்கேயே இருப்பது என்று முடிவானால், விழுவதற்கான பயத்துக்கு வேலை பாருங்கள். கக்கூசுக்குப் போகிற வழியில் கைப்பிடி, ராத்திரி எரிகிற சின்ன பல்ப், கழுத்தில் தொங்கவிட ஒரு பட்டன் போன், பக்கத்துக் காம்பராவில் நம்பிக்கையான ஒருவர் காலையில் எட்டிப் பார்ப்பதற்கு மாதம் ஏதாவது கொடுங்கள். வழக்கமான நேரத்துக்கு அம்மா கதவைத் திறக்காவிட்டால் மணி குரைக்காமல் இருக்காது என்பதையும் அந்த ஆளிடம் சொல்லி வையுங்கள். வருவது என்று முடிவானால் முதலில் பள்ளிக்கூட விடுமுறைக்கு இரண்டு வாரம் மட்டும் வந்து இருந்து பார்க்கட்டும், அதுவரை பக்கத்து வீட்டில் மணிக்குச் சோறு போடட்டும். கடைசியாக, மணியைக் கொடுக்கத்தான் வேண்டும் என்றால், யாரிடம் கொடுப்பது என்று அம்மாதான் தீர்மானிக்க வேண்டும், அவர் கையாலேயே சங்கிலியைக் கொடுக்க வேண்டும். பிறகு அவர் போன் எடுத்து "மணி சாப்டுச்சா?" என்று கேட்கக் கூடிய ஆளாக அது இருக்கட்டும். கீழ்வீடு ஒன்று, நாய்க்குச் சம்மதிக்கிற வீட்டுக்காரர் ஒருவர், கிடைக்கிறதா என்றும் தேடுங்கள். பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்காக வீடு மாறுகிறோம்தானே.

மாமியாருக்கு மூச்சிழுப்பு. டொக்டர் பூனையை வீட்டை விட்டு எடுக்கச் சொல்கிறார். மாமி கேட்கவில்லை.
– வாசகி, ஹப்புத்தளை

இதில் டொக்டர் பக்கம்தான் நான். பூனையின் முடி மட்டும் காரணமில்லை, அதன் எச்சிலிலும் தோலிலும் இருக்கிற ஒரு புரதம் தூசியோடு தூசியாக வீடெல்லாம் படிகிறது. கூட்டினாலும் உடனே போகாது. மாமி தூங்கும் அறைக்குள்ளும் போர்வைக்குள்ளும் பூனை போகவே கூடாது என்று இன்றைக்கே தொடங்குங்கள். அதன் சாப்பாட்டையும் படுக்கையையும் வெளித் தாழ்வாரத்துக்கு மாற்றுங்கள், கோப்பையில் சோறு வைக்கிற வேலையை மட்டும் மாமியிடமே விடுங்கள். அதற்கும் இழுப்பு அடங்காவிட்டால், பக்கத்து வீட்டுக்கு.

எனக்கு 68 வயது, ஓய்வுபெற்ற ஆசிரியர். போன வருஷம் மனைவி போய்விட்டார். டிவியை நிறுத்தினால் வீட்டில் வேறு சத்தமே இல்லை. ஜேர்மன் ஷெப்பர்ட் குட்டி ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறேன். இந்த வயதில் சரியா?
– வாசகர், பண்டாரவளை

நாய் சரி சேர், குட்டி வேண்டாம். அந்த இனம் ஒரு வருஷத்தில் முப்பது கிலோவுக்கு வந்துவிடும். உங்கள் ஊர்ச் சரிவில் மழை நாளில் அது ஒரு பூனையைக் கண்டு இழுத்தால், உங்கள் இடுப்பெலும்பு என்ன ஆகும்? குட்டி என்றால் ராத்திரியில் அழும், செருப்பைக் கடிக்கும், வீடெல்லாம் மூத்திரம் போகும், குனிந்து குனிந்து துடைக்க வேண்டும். அப்புறம் கணக்குப் போடுங்கள், நாய் பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும், உங்களுக்கு அப்போது எண்பது.

உங்கள் தெருவிலேயே மூன்று நாலு வயதான ஒரு சாதுவான பெட்டை நாய் கட்டாயம் இருக்கும், யார் வீட்டுப் படியிலாவது படுத்துக்கொண்டு. அது ஏற்கெனவே மனிதரோடு பழகியது, இந்தக் குளிருக்கும் மழைக்கும் பழகியது, குணம் என்ன என்று பார்த்து எடுக்கலாம். முதல் வாரமே கால்நடை வைத்திய அலுவலகத்துக்குக் கொண்டு போய் விசர்நாய்த் தடுப்பூசி, பூச்சி மருந்து, கருத்தடை அறுவை எல்லாவற்றையும் கேளுங்கள். ஊசி வருஷா வருஷம் போட வேண்டும். நடக்கக் கொண்டு போகும்போது வாரை மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளாதீர்கள், உள்ளங்கையில் பிடியுங்கள், இழுத்தால் விட்டுவிடலாம். முழங்கால் வலி இருந்தால் நாயைவிடப் பூனை நல்லது, அதை நடக்கக் கொண்டு போகத் தேவையில்லை. பூனைக்குக் காய்ச்சல் என்று மட்டும் பனடோல் கொடுத்துவிடாதீர்கள். அதை உடைத்து வெளியேற்றுகிற சக்தி பூனையின் ஈரலுக்குக் கிடையாது, ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும். நல்ல மனசோடு கொடுத்துவிட்டு அழுதவர்களை நான் அலுவலகத்தில் பார்த்திருக்கிறேன்.

எடுக்கும் முன்பே ஒரு பேச்சு மட்டும் பேசி முடிக்க வேண்டும். எனக்கு ஏதாவது ஆனால், நான் ஆஸ்பத்திரியில் கிடந்தால், இதை யார் பார்ப்பது? தங்கை மகனோ பக்கத்து வீடோ, ஒருவரிடம் நேராகக் கேட்டு, ஆம் என்று வாங்கிக்கொண்டு பிறகு நாயைக் கூட்டி வாருங்கள். இதைச் சாவைப் பற்றிய பேச்சு என்று தள்ளிப்போடாதீர்கள்.

நாய் வளர்த்தால் மாரடைப்பு வராது என்று போனில் ஒரு வீடியோ பார்த்தேன். தாத்தாவுக்குச் சொல்லலாமா?
– மாணவி, கொட்டகலை

அப்படியே சொல்லாதீர்கள். இந்தப் பேச்சின் தொடக்கம் 1980இல் அமெரிக்காவில் வந்த ஒரு ஆய்வு. இதய நோயோடு ஆஸ்பத்திரியில் இருந்து வீடு திரும்பிய 92 பேரை ஒரு வருஷம் கவனித்தார்கள். வீட்டில் ஏதாவது பிராணி வைத்திருந்த 53 பேரில் இறந்தது 3 பேர், ஒன்றும் இல்லாத 39 பேரில் 11 பேர். எண்ணைக் கேட்டால் பெரிய வித்தியாசம்தான், ஆனால் 92 பேர் என்பது ஒரு லயத்து ஆட்கள். அதோடு, நாயை வைத்துப் பார்க்கக் கூடிய அளவுக்குத் தெம்பாக இருந்தவர்கள்தான் நாய் வைத்திருந்தார்களோ என்ற கேள்வியும் இருக்கிறது. 2013இல் அமெரிக்க இதயச் சங்கம் இதுபோன்ற ஆய்வுகளை எல்லாம் பார்த்துவிட்டு, நாய் வளர்ப்பது இதயத்துக்கு உதவலாம், ஆனால் அதற்காக மட்டும் ஒரு பிராணியை வாங்காதீர்கள் என்றது. எனக்கு அது சரியாகப் படுகிறது. 2015இல் ஜப்பானில் ஒரு ஆய்வு செய்தார்கள். நாயும் அதை வளர்ப்பவரும் ஒருவரை ஒருவர் கண்ணோடு கண் பார்த்துக்கொண்டிருக்கும்போது, தாய்க்கும் குழந்தைக்கும் இடையில் ஊறுகிற அதே ஒக்சிடோசின் என்ற சுரப்பு இரண்டு பேருக்கும் கூடுகிறதாம். தாத்தாவுக்கு இதைச் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார்.

தாத்தா பிரஷர் மாத்திரை குடிக்கிறவர் என்றால், நாய் இருக்கிறதே என்று அதை மட்டும் நிறுத்தவே கூடாது. இன்னொரு பக்கமும் இருக்கிறது. நாய், பூனை காலில் சிக்கி விழுந்து ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போகிறவர்கள் அமெரிக்காவில் மட்டும் வருஷத்துக்கு 86,000 பேர் என்று 2009இல் கணக்குச் சொன்னார்கள், பத்தில் ஒன்பது பங்கு மாதிரி நாயால். தாத்தா வீட்டுப் படியில் பாசி இருந்தால் இன்றைக்கே சுரண்டுங்கள், நாயின் கழுத்தில் சத்தம் வருகிற சலங்கை ஒன்று கட்டுங்கள்.

பாட்டியைப் பூனை பிராண்டிவிட்டது. சுண்ணாம்பு தடவியிருக்கிறார். நாய் கடித்தால்தானே ஊசி?
– வாசகர், மஸ்கெலியா

பூனையாலும் விசர்நாய் நோய் வரும். சுண்ணாம்பு, கோப்பித்தூள் எதுவும் வேண்டாம். ஓடுகிற தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவுங்கள், கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள், பிறகு நேராக அரசாங்க வைத்தியசாலை. ஊசி தேவையா என்று அங்கே சொல்வார்கள், அதற்குக் காசு இல்லை. இந்த நோய் குறி காட்டத் தொடங்கிவிட்டால் பிழைக்க வைக்க முடியாது. வளர்ப்புப் பூனைக்கும் வருஷ ஊசி உண்டு என்பது நம் ஆட்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது.

செல்லப்பிராணி என்றால் நாயும் பூனையும்தானா? எனக்கு 72 வயது, ஒரு கறவை மாடு வைத்திருக்கிறேன். முழங்கால் வலி. பிள்ளைகள் விற்கச் சொல்கிறார்கள். அது போனால் நான் காலையில் எதற்கு எழும்புவது?
– வாசகர், அக்கரப்பத்தனை

அண்ணன், உங்கள் கடைசி வரியை நான் மூன்று தடவை வாசித்தேன். மாட்டை விற்றவர்களை எனக்கு நிறையத் தெரியும். விற்ற காசு மூன்று மாதத்தில் முடிந்துவிடும், ஆனால் ஆள் சாயந்தரம் ஆனால் காலிப் பட்டிக்குள் போய் நிற்பார். தோட்டத்தில் மாடு என்பது பாலுக்கு மட்டும் இல்லையே. அதன் பேர் தெரியும், அதன் தாயின் பேர் தெரியும், எந்த மழையில் எந்தக் கன்று பிறந்தது என்று தெரியும். ஃப்ரீசியன் கலப்புப் பசு நம் காலடிச் சத்தத்துக்குக் காதைத் திருப்புகிற அந்த ஒரு நொடியைப் பட்டிக்குள் போனவர்கள் அறிவார்கள். வெளிமூச்சு பனியில் புகை மாதிரி வரும், நெற்றியைக் கொண்டு வந்து தோளில் தேய்க்கும்.

ஆனால் பிள்ளைகள் சொல்வதிலும் நியாயம் உண்டு. நானூறு கிலோ மாட்டுக்கு அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது நாளைக்கு நாற்பது கிலோ பச்சைப்புல் வேண்டும். அதை வழுக்கிற மலையில் அறுத்து, தலையில் கட்டித் தூக்கி வருவது 72 வயது முழங்காலுக்கு ஆகாது. குளவி கிளம்பினால் உங்களால் ஓடவும் முடியாது. அதனால் மாட்டை வைத்துக்கொண்டு புல்லை மட்டும் விடுங்கள். வேலையில்லாத ஒரு இளந்தாரியைப் பிடித்துப் பங்குக்குப் பேசுங்கள், புல்லும் பால் கொண்டு போவதும் அவன் பாடு, பால் காசில் பாதி அவனுக்கு, அடுத்த கன்றில் பங்கு. கறப்பதும் தவிடு கரைப்பதும் தடவிப் பார்ப்பதும் உங்கள் பாடு. மாட்டு மூத்திரத்தில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கக் கூடும், காலில் புண் இருந்தால் பூட்ஸ் போடாமல் பட்டிக்குள் இறங்காதீர்கள். இரண்டு வருஷத்தில் அதுவும் முடியாமல் போனால் கறவையைக் கொடுத்துவிட்டு ஒரு பெட்டை ஆட்டுக்குட்டியை வைத்துக்கொள்ளுங்கள். முழுக்க வெறும் பட்டியாக மட்டும் விடவேண்டாம். இதைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

எங்கள் ஆச்சிக்கு 74 வயது. போன மாதம் ராத்திரி புலி வந்து வாசலில் கட்டியிருந்த நாயைத் தூக்கிவிட்டது. அன்றிலிருந்து ஆச்சி சரியாகச் சாப்பிடுவதில்லை. நாய்க்குப் போய் இப்படி அழுவதா என்று லயத்தில் பேசுகிறார்கள். வேறு குட்டி கொண்டு வந்து கொடுக்கலாமா? மாமா சுருக்கு வைக்கலாம் என்கிறார்.
– பேரன், நோர்வூட்

முதலில் மாமாவைத் தடுத்து நிறுத்துங்கள் தம்பி. நாம் புலி என்று சொல்கிற சிறுத்தையைப் பிடிப்பதும் கொல்வதும் சட்டப்படி குற்றம். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் சுருக்குக் கம்பியில் மாட்டிய கருஞ்சிறுத்தையைச் சிகிச்சை கொடுத்தும் காப்பாற்ற முடியவில்லை. அந்தக் கம்பிக்குச் சிறுத்தை, நாய், ஆடு என்று வித்தியாசம் தெரியாது, அடுத்து மாட்டுவது உங்கள் பக்கத்து வீட்டு நாயாக இருக்கலாம். சிறுத்தை தேயிலைக்குள்ளும் அதன் மேலே இருக்கிற காட்டிலும்தான் இருக்கிறது, ராத்திரியில் லயத்துப் பக்கம் வருகிறது, சங்கிலியில் கட்டின நாயால் ஓட முடியாது. ஆச்சி கட்டி வைத்ததும் நாய் எங்கும் போய்விடக் கூடாது என்ற பாசத்தில்தான். அவர் அழுவதில் பாதி இதுவாக இருக்கும், நான்தான் கட்டினேன், நான்தான் கட்டினேன் என்று. அதை அவர் வாயால் சொல்லிவிட்டால் பாரம் கொஞ்சம் இறங்கும். பக்கத்தில் உட்கார்ந்து, "அன்னைக்கு ராத்திரி என்ன நடந்துச்சு ஆச்சி?" என்று கேளுங்கள், கேட்ட கதையையே பத்துத் தடவை சொன்னாலும் கேளுங்கள்.

லயத்தில் பேசுகிறவர்கள் பேசட்டும். ஒன்பது வருஷம், பத்து வருஷம் ஒரே காம்பராவில் கூட மூச்சு விட்ட உயிர் அது. மனுஷனுக்கு எட்டாம் நாள் கும்பிடுகிறோம், பதினாறு கும்பிடுகிறோம், ஊரே வந்து உட்காருகிறது. நாய்க்கு அப்படி ஒன்றும் இல்லாததால் அழுகிற ஆள் தனியாகத்தான் அழ வேண்டியிருக்கிறது. ஆச்சிக்கு விருப்பம் இருந்தால் கொல்லையில் ஒரு இடத்தில் விளக்கு ஏற்றுங்கள், ஒரு பூச்செடி நடுங்கள், நீங்களும் கூட நில்லுங்கள்.

வேறு குட்டி இப்போது வேண்டாம். ஆச்சியே எங்காவது ஒரு நாயைக் கூப்பிட்டு ரொட்டி போடுகிறாரா என்று பாருங்கள், அப்போது பேசலாம். அடுத்து வருகிற நாய் எதுவாக இருந்தாலும் பொழுது சாய்ந்ததும் இஸ்தோப்புக்கு உள்ளே, கதவு சாத்தி, சங்கிலி இல்லாமல். சாப்பிடாமல் இருப்பது இன்னும் ஒரு வாரம் போனால், உடம்பு மெலிந்தால், டிஸ்பென்சரியோடு நிறுத்தாமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள், துக்கத்தோடு வேறு நோயும் சேர்ந்திருக்கலாம்.

செத்துப்போன நாயின் சோற்றுக் கோப்பை இன்னும் வாசலில் இருக்கிறது, எடுத்துவிடவா என்றும் கேட்டிருந்தீர்கள். இருக்கட்டும் தம்பி, ஆச்சி சொல்லும்வரை யாரும் அதைத் தொட வேண்டாம். அவர் சாப்பிடத் தொடங்கியதும் எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.